கொடுங்கோலருக்குப் பின் வருபவர் அவரை ஏன் மறுக்கிறார்?

ஸ்டாலின் 1953 மார்ச் 5-ஆம் தேதி இறந்தார். மார்ச் 27 அன்று, அதாவது 22 நாளில், சோவியத் சிறைகளிலும் உழைப்பு முகாம்களிலும் அடைபட்டுக் கிடந்த சுமார் 12 லட்சம் பேரை விடுவிக்கும் பொதுமன்னிப்பு ஆணை வந்தது. அந்த யோசனையை முன்வைத்து நிறைவேற்ற வைத்தவர் லவ்ரென்தி பெரியா. யார் இந்தப் பெரியா? ஸ்டாலினுடைய ரகசியப் போலீஸை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர், கைதும் சித்திரவதையும் மரண ஆணையும் அன்றாட அலுவலாக இருந்த ஒரு துறைக்குத் தலைவர். ஸ்டாலினின் கடைசி மாதங்களில் மருத்துவர்கள் சதி செய்தார்கள் என்று ஒரு வழக்கை ஜோடித்து, யூத மருத்துவர்கள் பலரைப் பிடித்து உள்ளே போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கே பொய், வாக்குமூலங்கள் சட்டத்துக்குப் புறம்பாக வாங்கப்பட்டவை என்று ஏப்ரல் 4-ஆம் தேதி நாடறிய அறிவிக்க வைத்ததும் இதே ஆள்தான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. கொடியவர் போனார், நல்லவர் வந்தார், பழைய அநியாயங்களைக் கண்டித்தார் என்றுதான் நாம் பெரும்பாலும் கதையைப் புரிந்துகொள்கிறோம். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் சனிக்கிழமைகளில் ஆறாம் படிவ மாணவர்கள் சிலருக்கு நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன், அங்கே ஒரு மாணவி கேட்டாள்: "சார், அவரும் கூடவே இருந்தவர்தானே? கூட இருந்தப்போ கையெழுத்துப் போட்டுட்டு, ஆள் செத்த பிறகு எப்படி சார் திட்ட முடியும்?" சரியான கேள்வி. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கு நான் தர முயலும் பதில்தான், கொஞ்சம் நீளமாக.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். கொடுங்கோலருக்குப் பின் பதவிக்கு வருபவர் வெளியிலிருந்து வருவது அபூர்வம். புரட்சியோ படையெடுப்போ நடந்தால் அப்படி நடக்கலாம், அது வேறு கதை. வழக்கமாக வருபவர் அதே அறையில், அதே மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவர். கொடுங்கோலர் கைகாட்டிய ஆளாகவும் இருக்கலாம். அவருக்கு அந்த ஆட்சியில் நடந்தது எல்லாம் தெரியும், பாதியில் அவர் கையும் இருக்கும். அப்படிப்பட்டவர் "நடந்ததெல்லாம் தவறு" என்று எழுந்து சொல்வதற்கு மனசாட்சி மட்டும் போதாது, பல காரணங்கள் ஒன்று சேர வேண்டும்.

அதில் நான் முதலில் வைப்பது பயத்தை. மக்களைப் பார்த்து வரும் பயம் அப்புறம், முதலில் ஒருவரை ஒருவர் பார்த்து வரும் பயம். கொடுங்கோலரின் ஆட்சியில் எதிரியாக இருப்பதைவிட நெருங்கிய சகாவாக இருப்பது ஆபத்து என்பதை வெளியில் இருப்பவர்கள் சட்டென்று உணர்வதில்லை. கணக்கைப் பாருங்கள். 1934-இல் நடந்த சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 17-ஆவது காங்கிரஸ், அதாவது கட்சி மாநாடு, தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவில் உறுப்பினர்களும் மாற்று உறுப்பினர்களுமாக 139 பேர். அவர்களில் 98 பேர் பின்னால் கைதாகிச் சுடப்பட்டார்கள். இவர்கள் யாரும் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல, ஸ்டாலினுக்குக் கைதட்டியவர்கள். அதே காங்கிரஸுக்கு வந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் கைது செய்யப்பட்டார்கள். மொலட்டோவ் சோவியத் நாட்டின் வெளியுறவு அமைச்சர், உலகமே அறிந்த முகம், அவருடைய மனைவி பொலினாவையே கைது செய்து நாடுகடத்தினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை, மேசையில் தன் இடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்து பார்த்தார். 1952-இல் ஸ்டாலின் அந்த மொலட்டோவையும் இன்னொரு பழைய சகாவான மிக்கோயானையும் மத்தியக் குழுக் கூட்டத்தில் வைத்தே தாக்கிப் பேசியபோது, அடுத்த பலி யார் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

அப்படி ஆண்டுக்கணக்கில் தலைக்கு மேல் கத்தி தொங்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அந்த ஆள் இறந்ததும் ஒரு விஷயத்தில் மட்டும் பேசாமலே உடன்பாடு வந்துவிடுகிறது: இனி நம்மில் யாருக்கும் அந்த அதிகாரம் போகக் கூடாது. பழைய தலைவரின் முறையை மறுப்பது அவர்களுக்குத் தங்கள் உயிரைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. பெரியா மன்னிப்பு ஆணையெல்லாம் கொண்டுவந்தும் தப்பவில்லை, ஏன்? எல்லாருடைய கோப்பும் அவர் கையில் இருந்தது, போலீஸும் அவர் கையில் இருந்தது. மற்றவர்கள் ஒன்றுசேர்ந்து ஜூன் 26-ஆம் தேதி அவரைப் பிடித்தார்கள், டிசம்பர் 23-ஆம் தேதி சுட்டார்கள். ஸ்டாலினின் முறையை ஒழிக்க ஸ்டாலினின் முறையையே கடைசியாக ஒருமுறை பயன்படுத்தினார்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அதற்குப் பிறகு தோற்ற தலைவரைக் கொல்லும் பழக்கம் அங்கே நின்றுபோனது. ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைமைக்கு வந்த குருஷேவை 1957-இல் கவிழ்க்கப் பார்த்துத் தோற்றார்களே, மொலட்டோவ், மலென்கோவ், ககனோவிச், அவர்களுக்கு என்ன ஆனது? மொலட்டோவை மங்கோலியாவுக்குத் தூதராக அனுப்பினார்கள், மலென்கோவை கஜகஸ்தானில் ஒரு நீர்மின் நிலையத்துக்கு, ககனோவிச்சை யூரல் பகுதியில் ஓர் ஆலைக்கு. மூன்று பேரும் வயதாகித்தான் இறந்தார்கள். 1964-இல் குருஷேவையே இறக்கினார்கள், அவரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு 1971 வரை வாழ்ந்தார். பதவி போனாலும் உயிர் போகாது என்ற இந்த ஒரு மாற்றத்தை நான் சாதாரணமாக நினைப்பதில்லை. இந்தப் பாடத்தில் இதற்கே அதிக நேரம் ஒதுக்குவேன்.

இரண்டாவது காரணம், உண்மை தானாகவே நடந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. 1953-இலிருந்து முகாம்களிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள், அரசியல் கைதிகள் மெல்ல மெல்ல, பிறகு அலை அலையாக. பத்து, பதினைந்து வருஷம் காணாமல் போயிருந்தவர் பல் இல்லாமல், எலும்பும் தோலுமாக வந்து பக்கத்து வீட்டில் குடியேறுகிறார். அவரைக் காட்டிக்கொடுத்தவர் அதே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார். முகாம்களுக்குள்ளும் நிலைமை கைமீறிப் போயிருந்தது, 1953-இல் நோரில்ஸ்கிலும் வோர்குதாவிலும், 1954-இல் கெங்கிரிலும் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள், கெங்கிரில் டாங்கிகளை விட்டு அடக்கினார்கள். அத்தனை லட்சம் பேரைப் பூட்டிவைத்துக் காவல் போட்டு வேலை வாங்குவது அரசுக்கே கட்டுப்படியாகாத வேலை. குருஷேவ் பிற்காலத்தில் சொல்லிப் பதிவான நினைவுகளில் இந்த வாதம் வருகிறது: திரும்பி வருபவர்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள், நாமே சொல்லிவிடுவது நல்லது, ஸ்டாலின் இறந்த பின் கூடும் முதல் காங்கிரஸிலேயே சொல்லாவிட்டால் அப்புறம் "இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய்" என்று நம்மைக் கேட்பார்கள். ஊரறியப்போகிற ரகசியத்தை யார் முதலில் சொல்கிறாரோ அவர் சாட்சி, மற்றவர்கள் குற்றவாளி. இதைக் குருஷேவ் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

இனி, குருஷேவ் ஸ்டாலினைக் கண்டித்த அந்தப் பேச்சுக்கு வருவோம். 1956 பிப்ரவரி 25, மாஸ்கோ, 20-ஆவது காங்கிரஸின் கடைசி நாள். நம் பக்கம் அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால், மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனிலிருந்து திரும்பி மலாக்காவில் இறங்கி, 1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம் என்று கூட்டத்தின் முன் அறிவித்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் மலாயாவில் கொண்டுவந்த அவசரகாலம் இன்னும் ஓயவில்லை. மாஸ்கோவில் வெளிநாட்டு விருந்தினர்களை வெளியே நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குருஷேவ் சுமார் நான்கு மணி நேரம் பேசினார். ஸ்டாலினைச் சுற்றி வளர்ந்த தனிநபர் வழிபாடு, அதனால் நேர்ந்த விளைவுகள், இதுதான் தலைப்பு. விவாதம் கிடையாது, கேள்வி கிடையாது.

அந்தப் பேச்சில் ஒரு கடிதம் வாசிக்கப்படுகிறது. ராபர்ட் எய்கே என்பவர் 1939 அக்டோபரில் சிறையிலிருந்து ஸ்டாலினுக்கு எழுதியது. எய்கே கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் மாற்று உறுப்பினர், பழைய போல்ஷிவிக், அதாவது லெனின் காலத்துக் கட்சிக்காரர். தன்னுடைய உடைந்த விலா எலும்புகள் சரியாகக் கூடவில்லை என்று விசாரணை அதிகாரிக்குத் தெரியும், அந்த இடத்தையே பார்த்து வலி உண்டாக்கித் தன்னிடம் பொய் வாக்குமூலம் வாங்கினார்கள் என்று எழுதுகிறார். 1940 பிப்ரவரியில் அவரைச் சுட்டுவிட்டார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் உறைந்துபோய்க் கேட்டார்கள். இன்று வாசித்தாலும் கை நடுங்கும் கடிதம்தான் அது.

ஆனால் அந்த எய்கே யார் என்பதைப் பேச்சு சொல்லவில்லை. 1937-இல் மேற்கு சைபீரியாவில் கட்சித் தலைவராக இருந்தவர் அவர். நீதிமன்றம் எதுவும் இல்லாமல் மூன்று பேர் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்து மரண தண்டனை எழுதுகிற குழு அங்கே அமைந்தபோது அதில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள், நிலம் பறிகொடுத்து நாடுகடத்தப்பட்ட விவசாயிகள், பாதிரியார்கள், குமாஸ்தாக்கள், அந்தக் குழுவால் செத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் 1956-இல் அந்த மண்டபத்தில் ஒலிக்கவில்லை. 1937, 1938 என்ற இரண்டே ஆண்டுகளில் சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் பேர் சுடப்பட்டார்கள், பெரும்பாலானோர் கட்சி அட்டையே இல்லாதவர்கள். குருஷேவின் பேச்சு அழுதது கட்சிக்காரர்களுக்காக.

என் மாணவர்களை நான் கவனிக்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். பழைய தலைவரைப் புதியவர் கண்டிக்கும்போது, குற்றம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். குருஷேவின் கணக்கில் ஸ்டாலின் 1934 வரை சரியாக இருந்தார், அதன் பிறகுதான் கெட்டுப்போனார். அப்படியானால் 1929-இலிருந்து விவசாயிகளின் நிலத்தைப் பறித்துக் கூட்டுப்பண்ணையாக்கியது? சரி என்றே ஆகிறது. 1932, 1933-இல் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் ரஷ்யாவின் தென்பகுதிகளிலும் 50 லட்சத்துக்குக் குறையாதவர்களைக் கொன்ற பஞ்சம்? பேச்சில் இடமில்லை. நாடுகடத்தப்பட்ட இனங்களில் செச்சென்களையும் கல்மீக்குகளையும் சொன்னார், கிரிமியத் தாத்தார்களைச் சொல்லவில்லை. பழைய கட்சித் தலைவர் புகாரினைப் போன்று பகிரங்க விசாரணையில் தண்டிக்கப்பட்டவர்களின் பெயரைத் துடைக்கவில்லை, அது 1988-இல்தான் நடந்தது. கூட்டுப்பண்ணையைத் தொட்டால் ஆட்சியின் அடித்தளத்தையே தொட்ட மாதிரி. அவர் தன்னையும் தொடவில்லை, 1930-களில் மாஸ்கோவிலும், 1938-இலிருந்து உக்ரைனிலும் கட்சியை நடத்தி, கைதுகளுக்கு ஒப்புதல் தந்தவர் அவர்.

இதை நம் ஊர்க் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோயில் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய தலைவர் காலமானதும், அவரிடம் பல வருஷம் பொருளாளராக இருந்தவர் தலைவராகி, பொதுக்கூட்டத்தில் கணக்கு வழக்கைத் திறக்கிறேன் என்கிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். திறக்கிற கணக்கு எந்த வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்று பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டால்தான் விஷயமே வெளிவரும். அதற்காகக் கணக்கைத் திறந்ததே வீண் என்று ஆகிவிடாது. திறக்காமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

பதவிப் போட்டியும் இதில் கலந்திருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. மொலட்டோவ், ககனோவிச், வொரோஷிலோவ் மூவரும் அந்தப் பேச்சு வேண்டாம் என்றவர்கள். மரணப் பட்டியல்களில் அவர்கள் கையெழுத்து குருஷேவின் கையெழுத்தைவிட அதிகம். ஸ்டாலின் கெட்டவர் என்று நிலைநாட்டிவிட்டால் அவர்கள் மூவரும் தானாகவே பலமிழப்பார்கள். மிக்கோயான் குருஷேவ் பக்கம் நின்றார். ஒரு வருஷம் கழித்து 1957 ஜூனில் அந்தப் பழைய ஆட்கள் தலைமைக் குழுவில் பெரும்பான்மை திரட்டி அவரை இறக்கப் பார்த்தார்கள், மத்தியக் குழு கூடி அவரைக் காப்பாற்றியது. ஏன் காப்பாற்றியது? அந்த மத்தியக் குழுவில் இருந்தவர்களுக்கும் பழைய முறை திரும்பினால் என்ன ஆகும் என்று தெரியும். பயமும் பதவி ஆசையும் இங்கே ஒரே திசையில் இழுத்தன.

மனசாட்சிக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். பயமும் கணக்கும் மட்டும் என்றால் பெரியாவைப் பலியாக்கியதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், எல்லாப் பழியும் பெரியா தலையில் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், உண்மையில் மூன்று வருஷம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். அதைத் தாண்டிப் போனது ஆபத்தான அடி. அடுத்த சில மாதங்களில் முகாம்களுக்கே ஆணையங்களை அனுப்பி, அங்கேயே கோப்புகளைப் பார்த்து ஆயிரக்கணக்கில் ஆட்களை வெளியே விட்டார்கள். வெளியே வந்தவருக்குத் தலைவரின் நோக்கம் தூய்மையானதா என்பது இரண்டாம்பட்சம். கொலையில் பங்குள்ள ஒருவர் கொலையை நிறுத்தினால், அதை நிறுத்தியதாகவே எழுதி, பங்கையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

சரி, எல்லா வாரிசும் ஏன் இப்படிச் செய்வதில்லை? இங்கேதான் சீனா நமக்கு உதவுகிறது. மாவோ 1976 செப்டம்பர் 9-ஆம் தேதி இறந்தார். அவர் விட்டுச்சென்றவர் ஹுவா குவோஃபெங், அவருடைய ஒரே தகுதி மாவோ அவரைக் கைகாட்டியது. மாவோ தவறு என்றால் தானும் தவறு என்றாகிவிடும், அதனால் மாவோ எடுத்த எந்த முடிவையும் காப்போம், அவர் சொன்ன எதையும் பின்பற்றுவோம் என்று 1977-இல் அறிவித்தார்கள். வாரிசுரிமையைத் தவிர வேறு பலம் இல்லாதவரால் மறுக்க முடியாது. அவருக்கு அடுத்துத் தலைமைக்கு வந்த டெங் சியாவோபிங்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. மாவோ தன் கட்சித் தலைவர்கள் மேலேயே இளைஞர்களை ஏவிவிட்ட கலாசாரப் புரட்சியில் பதவி பறிபோய், ஒரு டிராக்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் மகன் 1968-இல் அந்த இளைஞர் படையான செங்காவலர்களின் பிடியில் இருந்தபோது கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். 1976-இல் டெங்கை மறுபடியும் தூக்கி எறிந்தார்கள். அவரிடம் மறுக்கச் சொந்தக் காரணம் இருந்தது, ராணுவத்திலும் கட்சியிலும் சொந்தச் செல்வாக்கும் இருந்தது.

ஆனாலும் அவர் குருஷேவ் போன பாதையில் போகவில்லை. 1980-இல் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளர் கேட்டபோது, பெய்ஜிங்கின் தியானன்மென் வாசலில் மாவோவின் படம் என்றென்றும் இருக்கும், குருஷேவ் ஸ்டாலினுக்குச் செய்ததை நாங்கள் மாவோவுக்குச் செய்ய மாட்டோம் என்ற பொருளில் நேராகவே பதில் சொன்னார். காரணம் எளிது. குருஷேவுக்குப் பின்னால் போய் நிற்க லெனின் இருந்தார். ஸ்டாலின் வழி தவறினார், நாம் லெனினிடம் திரும்புகிறோம் என்று சொல்ல முடிந்தது. சீனாவில் கட்சியை வெற்றிக்குக் கொண்டுவந்தவரும் மாவோ, நாட்டை நிறுவியவரும் மாவோ, நாசம் செய்தவரும் மாவோ. அவரை முழுக்கத் தள்ளினால் திரும்பிப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. ஆகவே 1981 ஜூனில் கட்சி ஒரு தீர்மானம் போட்டது: சாதனைகள் முதன்மை, தவறுகள் இரண்டாவது. மக்கள் வாயில் அது எழுபதுக்கு முப்பது என்று ஆனது. கலாசாரப் புரட்சி முழுத் தவறு என்று அதில் எழுதினார்கள். ஆனால் 1957-இல் லட்சக்கணக்கான படித்தவர்களை வலதுசாரி என்று முத்திரை குத்திக் கிராமங்களுக்கும் முகாம்களுக்கும் அனுப்பிய இயக்கத்தை? அது தேவையானதுதான், அளவு மீறிப் போய்விட்டது என்று எழுதினார்கள். அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் டெங் ஒருவர். எந்தத் தேதியிலிருந்து, எந்தச் செயலிலிருந்து குற்றம் தொடங்குகிறது என்று பார்க்கச் சொன்னேன் அல்லவா, இங்கேயும் அதே கோடு. 1959-இலிருந்து 1961 வரை ஒன்றரைக் கோடிக்குக் குறையாத மக்களைப் பலிகொண்ட பஞ்சத்தைத் தீர்மானம் நாட்டுக்கும் மக்களுக்கும் பெரும் இழப்பு என்ற அளவில் கடந்துவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு, அதை இங்கே வளர்ந்தவர்கள் பலர் தொலைக்காட்சியில் நேரில் பார்த்தார்கள். 1998 மே 21-ஆம் தேதி 32 ஆண்டு ஆட்சிக்குப் பின் இந்தோனேசிய அதிபர் சுஹார்தோ விலகினார், துணை அதிபர் ஹபிபி அதிபரானார். ஹபிபி சுஹார்தோ வளர்த்த ஆள், இருபது வருஷம் அவர் அமைச்சரவையில் இருந்தவர். யாரும் அவரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் அரசியல் கைதிகள் வெளியே வர ஆரம்பித்தார்கள், பத்திரிகைகளின் கழுத்தைப் பிடித்திருந்த உரிம முறை தளர்ந்தது, கட்சிகள் தொடங்கத் தடை போனது, 1999 ஜூனில் 1955-க்குப் பிறகான முதல் சுதந்திரமான தேர்தல் நடந்தது, அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் கிழக்குத் தீமோர் மக்கள் தங்கள் முடிவை வாக்குப்பெட்டியில் சொன்னார்கள். இவ்வளவும் 17 மாதத்தில். அவருக்கென்று சொந்தப் படையோ கட்சிக்குள் பெரிய ஆதரவோ இல்லை, தெருவில் மாணவர்கள், கஜானா காலி, பன்னாட்டு நிதியத்தின் கடன் கழுத்தில். பழைய ஆட்சியிலிருந்து விலகி நிற்பதுதான் அவர் பதவியில் நிற்க ஒரே வழி. ஆனால் 1965, 1966-இல் குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்ட கணக்கை அவர் திறக்கவில்லை. அதைத் திறந்தால் ராணுவம் வரும், அவருடைய சொந்தக் கட்சி வரும், அந்தக் கொலைகளின் மேல் எழுந்த அந்த ஆட்சி முழுவதுமே வரும்.

மறுப்பு வெறும் மேல்பூச்சாக நிற்பதும் உண்டு. துர்க்மெனிஸ்தானில் நியாசோவ் ஜனவரி மாதத்துக்குத் தன் பட்டப்பெயரையும் ஏப்ரலுக்குத் தன் அம்மா பெயரையும் வைத்தவர். 2006-இல் அவர் இறந்ததும் வந்த பெர்திமுஹமெதோவ் மாதங்களுக்குப் பழைய பெயரைத் திருப்பித் தந்தார், நகர நடுவில் இருந்த தங்கச் சிலையை அகற்றி ஊர் ஓரத்துக்கு மாற்றினார். 2015-இல் தலைநகரில் குதிரை மேல் ஒரு தங்கச் சிலை எழுந்தது, அவருடையது. சிறைக்குள் மறைந்துபோனவர்கள் மறைந்தவர்களாகவே இருந்தார்கள்.

பெயர் மாற்றத்துக்கும் சிலை அகற்றுவதற்கும் நாம் கொடுக்கிற கவனம் அதிகம் என்று எனக்குத் தோன்றும். நம் ஊரிலேயே பிரிக்ஃபீல்ட்ஸ் ரோடு ஜாலான் துன் சம்பந்தன் ஆனது, பத்து ரோடு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் ஆனது, அதெல்லாம் பெரிய விஷயம்தான், ஆனால் பலகை மாறுவது ஒரு பகல் வேலை. சோவியத்தில் அது 1961-இல்தான் வந்தது. அக்டோபர் 30-ஆம் தேதி, 22-ஆவது காங்கிரஸில் தோரா லாசுர்கினா என்ற முதிய போல்ஷிவிக் அம்மாள், ஸ்டாலின் காலத்தில் பல வருஷம் சிறையும் முகாமும் பார்த்தவர், எழுந்து பேசினார். நேற்று லெனினிடம் ஆலோசனை கேட்டேன், என் பக்கத்தில் ஸ்டாலின் படுத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று லெனின் சொன்ன மாதிரி இருந்தது என்றார். மறுநாள் இரவு ஸ்டாலினின் உடலை லெனின் நினைவிடத்திலிருந்து வெளியே எடுத்து, கிரெம்ளின் சுவரோரமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். சட்டையின் தங்கப் பொத்தான்களைக் கழற்றிப் பித்தளைப் பொத்தான் தைத்தார்கள். ஸ்டாலின்கிராட் வோல்கோகிராட் ஆனது.

கேட்டவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதும் பாடத்தில் வர வேண்டும். 1956 மார்ச்சில் ஜார்ஜியாவின் திபிலிசியில் மக்கள் ஸ்டாலினுக்காகத் தெருவில் இறங்கினார்கள், தங்கள் மண்ணின் மகனை அவமதித்துவிட்டார்கள் என்ற கோபம், ராணுவம் சுட்டுப் பலர் இறந்தார்கள். ஹங்கேரியில் அக்டோபரில் மக்கள் எதிர்த்திசையில் போனார்கள், மறுப்பது என்றால் முழுக்க மறுப்போம் என்று எழுந்தார்கள், நவம்பர் 4-ஆம் தேதி அதே குருஷேவ் டாங்கிகளை அனுப்பினார், சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள். 1962-இல் நோவோசெர்காஸ்க் என்ற ஊரில் விலையேற்றத்தை எதிர்த்த தொழிலாளர்களைச் சுட்டு 26 பேரைக் கொன்றதும் அவர் ஆட்சிதான். கொடுங்கோலரை மறுத்தவர் கொடுமையை மறுக்கவில்லை என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். அளவு பெரிதும் குறைந்தது, முறை முழுக்கப் போகவில்லை, இப்படிச் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இன்னொரு கூட்டமும் கேட்டது, தூரத்தில் இருந்தவர்கள். தோட்டப்புறக் கொடுமைக்கு விடிவு மாஸ்கோவில் இருக்கிறது என்று நம்பிய தொழிற்சங்கக்காரர்கள் மலாயாவிலும் இருந்தார்கள். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் மலாயா கணபதியை ஆங்கிலேயர் 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள், அவர் இந்தப் பேச்சைக் கேட்க இல்லை. அந்தத் தலைமுறையில் எஞ்சியிருந்தவர்களுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை 1956 ஜூன் தொடக்கத்தில் அந்தப் பேச்சின் நகலை வெளியிட்ட பிறகுதான் விஷயம் முழுதாகத் தெரிய வந்தது, எதிரி சொல்கிறான் என்று தள்ளிவிடுவதும் எளிதாக இருந்தது. கூலிக்கும் மரியாதைக்கும் போராடியவர்களின் கோரிக்கை இதனால் பொய்யாகிவிடவில்லை, ஆனால் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பற்றி அவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை மாஸ்கோவுக்கு இருந்தது. சோவியத் மக்களுக்கே அந்தப் பேச்சு அச்சில் கிடைத்தது 1989-இல்தான், அதுவரை கட்சிக் கூட்டங்களில் வாசித்துக் காட்டியதோடு சரி.

மேலிருந்து ஒருவர் தரும் மறுப்பை மேலிருந்து இன்னொருவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடிவது இதனால்தான். ஆவணக் கிடங்கு திறக்கவில்லை, கொன்றவர் யாரும் பெரும்பாலும் நீதிமன்றம் ஏறவில்லை, பாதிக்கப்பட்டவர் பேசவில்லை, தலைவர் மட்டும் பேசினார். குருஷேவ் போன ஆறாவது வருஷம், 1970-இல், ஸ்டாலின் புதைக்கப்பட்ட இடத்தில் அவருடைய மார்பளவுச் சிலையை வைத்தார்கள். கடைசி சோவியத் தலைவர் கோர்பச்சேவ் காலத்தில் கதவு அகலமாகத் திறந்தது, கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் தேடித் தொகுக்க மெமோரியல் என்ற அமைப்பைச் சாதாரண மக்களே தொடங்கினார்கள், 1991-இல் பாதிக்கப்பட்டோர் மறுவாழ்வுக்கென்று ஒரு சட்டமும் வந்தது. 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் மெமோரியலைக் கலைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் வோல்கோகிராட் விமான நிலையத்துக்கு ஸ்டாலின்கிராட் என்று பெயர் வைக்கும் ஆணையில் புதின் கையெழுத்திட்டார்.